பாலாற்றுப் படுகையில் சொகுசு கார்: இன்ஜின், மோட்டார், வரி

காஞ்சிபுரத்திலிருந்து செங்கல்பட்டு போகும் வழியில் வாலாஜாபாத்தைத் தாண்டி, பழையசீவரத்தில் திரும்பிப் பாலாற்றுப் பாலத்தைக் கடந்தால் திருமுக்கூடல். பாலாறும் வேகவதியும் செய்யாறும் சேருகிற இடம். ஊர்ச்சாலையில் அதிகம் ஓடுபவை கல்குவாரி லாரிகள்தான். எப்போதாவது ஒரு சொகுசு கார் தென்பட்டால் அது வெங்கடேசப் பெருமாளைச் சேவிக்க வந்ததாக இருக்கும். ஆனால் இந்த ஊரை நடுவில் வைத்து நாற்பது கிலோமீட்டருக்கு ஒரு வட்டம் போட்டால் கதை வேறு. கிழக்கே மஹிந்திரா வேர்ல்டு சிட்டிக்குள் 2007 மார்ச்சில் திறந்த பிஎம்டபிள்யூ ஆலை. வடகிழக்கே ஒரகடத்தில் ரெனோவும் டைம்லர் லாரியும், அதற்கு மேலே இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய். வடமேற்கே ராணிப்பேட்டை மாவட்டத்துப் பனப்பாக்கத்தில், டாடா மோட்டார்ஸ் தன் கார்களையும் ஜாகுவார் லேண்ட் ரோவர் கார்களையும் தயாரிக்க ரூ.9,000 கோடித் திட்டத்துக்கு 2024 செப்டம்பர் 28 அன்று அடிக்கல் நாட்டியது. ஆண்டுக்கு 2.5 லட்சம் வண்டிகள் வரை போகலாம் என்பது அதன் அளவு.

ஆக, சொகுசு காருக்குள் இனி எது சுழலப்போகிறது என்ற கேள்விக்கு இந்தப் பக்கத்தில் வேலையும் கூலியும் தொக்கி நிற்கின்றன. பெட்ரோல் இன்ஜின் தொடருமா, பேட்டரியும் மோட்டாரும் அதன் இடத்தைப் பிடிக்குமா, இரண்டையும் சேர்த்துக் கட்டிய ஹைபிரிட்தான் நிலைக்குமா? ஐந்து ஆண்டுகளுக்கு முன் இதற்குப் பெரும்பாலான நிறுவனங்கள் ஒரே பதிலைச் சொன்னன. இன்று ஆளுக்கொரு பதில் சொல்கின்றன. பதில்கள் ஏன் மாறின என்பதையும், உலகம் ஒரு பக்கம் திரும்பும்போது இந்தியச் சந்தை ஏன் வேறு பக்கம் போகிறது என்பதையும் பார்ப்பதே இந்தக் கட்டுரையின் வேலை.

பணக்காரர் வண்டியாகப் பிறந்தது

மின்சார கார் புதிய சரக்கு என்ற எண்ணத்தை முதலில் விட்டுவிடலாம். 1900ஆம் ஆண்டுப் பாரிஸ் கண்காட்சியில், வியன்னாவின் லோனர் நிறுவனம் ஃபெர்டினாண்ட் போர்ஷே வடிவமைத்த மின்சார வண்டியைக் காட்டியது. சக்கரக் குடத்துக்குள்ளேயே மோட்டார். லோனர் அரச குடும்பத்துக்குச் சாரட்டு கட்டிக்கொடுத்த பட்டறை. வாங்க வந்தவர்களும் அந்த வட்டத்துக்காரர்கள். பேட்டரியின் பாரம் தாங்கவில்லை என்றதும் அடுத்ததாக ஒரு பெட்ரோல் இன்ஜினை ஏற்றி, அதைக்கொண்டு மின்சாரம் உண்டாக்கி மோட்டாரை ஓட்டினார் போர்ஷே. ஹைபிரிட் என்று நாம் இன்று சொல்வது அப்போதே வந்துவிட்டது.

அமெரிக்காவில் ஹென்றி ஃபோர்டின் மனைவி கிளாரா ஓட்டியதே டெட்ராய்ட் எலெக்ட்ரிக் என்ற மின்சார கார்தான். கணவர் பெட்ரோல் காரை ஊருக்கெல்லாம் விற்றுக்கொண்டிருந்த காலம் அது. புகையில்லை, அதிர்வில்லை, முன்னால் போய் நின்று கைப்பிடியைச் சுற்றவேண்டியதில்லை என்பதால் வசதியான வீடுகள் அதை விரும்பின. 1912இல் சார்லஸ் கெட்டரிங் உருவாக்கிய மின் ஸ்டார்ட்டரைக் கேடிலாக் பொருத்தியதும் அந்தக் கைப்பிடித் தொல்லை தீர்ந்தது. பெட்ரோல் காரைக் கிளப்பப் பிறந்த அந்தச் சின்ன மோட்டாரே மின்சார காரின் சந்தையைச் சாய்த்ததில் முக்கியப் பங்கு வகித்தது.

அதன்பின் நூறாண்டுகள் சொகுசு காரின் கௌரவம் இன்ஜினில் இருந்தது. எட்டு சிலிண்டர், பன்னிரண்டு சிலிண்டர் என்று கூட்டிக்கொண்டே போனதன் நோக்கத்தைக் கவனிக்க வேண்டும். வேகம் மட்டுமென்றால் அத்தனை சிலிண்டர் தேவையில்லை. ஒரு சிலிண்டரின் உதைப்பை அடுத்தது சமன்செய்து, வெடிப்புகள் ஒன்றோடொன்று இழைந்து, வண்டி ஓடுகிறதா நிற்கிறதா என்று பின் இருக்கையில் இருப்பவருக்குத் தெரியாமல் செய்வதே அதன் சாமர்த்தியம்.

இன்ஜின் சரியில்லாத சொகுசு காருக்கு என்ன ஆகும் என்பதற்கு உதாரணம் தேடி வெளிநாடு போகவேண்டாம். வண்டலூருக்கு அருகே பெருங்களத்தூரில் ஸ்டாண்டர்ட் மோட்டார் நிறுவனம் 1985இல் ‘ஸ்டாண்டர்ட் 2000’ என்ற காரைக் கொண்டுவந்தது. உடல் பிரிட்டிஷ் ரோவர் எஸ்டி1 உடையது. பார்த்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். உள்ளே வைத்ததோ பழைய ஸ்டாண்டர்ட் வேன்கார்டு காலத்து இரண்டு லிட்டர் இன்ஜின். எரிபொருளைக் குடித்தது, இழுக்கவில்லை. சில ஆண்டுகளிலேயே கார் நின்றுபோனது, பிறகு ஆலையும் படுத்தது. அம்பாசடருக்கு மேலே ஒரு கார் வேண்டும் என்று பணத்தோடு காத்திருந்த தலைமுறையையே அந்த இன்ஜின் விரட்டியடித்துவிட்டது.

மோட்டார் செய்த காரியம்

மின் மோட்டார் சுழலத் தொடங்கும் கணத்திலேயே முழு இழுவையைத் தந்துவிடும். கியர் மாற்றும் குலுக்கல் கிடையாது. வெடிப்பு கிடையாது என்பதால் அதிர்வும் கிடையாது. பன்னிரண்டு சிலிண்டர் இன்ஜினை நூறாண்டு மெருகேற்றி எட்ட முயன்ற இடத்தில் மோட்டார் முதல் நாளே போய் உட்கார்ந்துகொண்டது. ரோல்ஸ்-ராய்ஸின் ‘ஸ்பெக்டர்’ இதற்கு நல்ல சாட்சி. 2024 ஜனவரியில் ரூ.7.5 கோடி ஷோரூம் விலையில் இந்தியாவுக்கு வந்த அந்த மின்சார கார், ரோல்ஸ்-ராய்ஸ் எப்போதும் செய்ய நினைத்ததையே செய்கிறது. நிறுவனத்தின் குணத்துக்கும் புதிய இயந்திரத்துக்கும் சண்டையே இல்லை.

சண்டை வேறொரு இடத்தில். இருபது லட்ச ரூபாய் மின்சார காரும் கிட்டத்தட்ட அதே அமைதியோடு, அதே உடனடி இழுவையோடு ஓடுகிறது. கடைசிப் பத்து விழுக்காடு மெருகு வேறாக இருக்கலாம். கதவின் கனம், தோல் இருக்கை, சாலை இரைச்சலைத் தடுக்கும் கண்ணாடி எல்லாம் வேறுதான். ஆனால் ‘இன்ஜினைக் கேட்டாலே தெரிந்துவிடும்’ என்ற அந்தப் பழைய வேறுபாடு போய்விட்டது. அமைதி மலிவாகிவிட்டது. அதை விலைக்கு விற்றுப் பிழைத்தவர்களுக்கு அது நல்ல செய்தியா?

சீனா இதை நடத்திக் காட்டியது. கைப்பேசி விற்ற ஷாவ்மி 2024 மார்ச்சில் எஸ்யு7 என்ற காரை விற்க வந்தது; தோற்றத்தில் போர்ஷே டைகானை நினைவூட்டும் கார், விலையோ அதில் ஒரு பகுதி மட்டுமே. பிஒய்டி, நியோ, ஹுவாவெய் என்று ஆளாளுக்குச் சொகுசு மின்சார கார் செய்தார்கள். 2021இல் சீனாவில் 95,671 கார்களை விற்ற போர்ஷே, 2024இல் 56,887தான் விற்றது. சீனப் பொருளாதாரம் தளர்ந்ததும் இதற்கு ஒரு காரணம்தான், மறுக்கவில்லை. ஆனாலும் ஜெர்மன் முத்திரைக்கு அங்கே இருந்த மரியாதையின் பெரும்பகுதி இன்ஜினோடு ஒட்டியிருந்தது என்பதை அந்தச் சரிவு சொல்கிறது. மோட்டாரும் பேட்டரியும் திரையும்தான் கார் என்றாகிவிட்டால் அதில் சீனர்களே மூத்தவர்கள்.

இன்ஜினைக் காப்பாற்ற ஒரு மோட்டார்

இந்த இடத்தில்தான் ஹைபிரிட் மறுபடி நுழைகிறது. அதில் பல ரகம் உண்டு. ஒரே பெயரில் எல்லாவற்றையும் விற்பதால் வாங்குபவர் ஏமாறுவதும் உண்டு. 48 வோல்ட் ‘மைல்டு ஹைபிரிட்’ என்பது பெரிய ஸ்டார்ட்டர் மோட்டார், கொஞ்சம் கைகொடுக்கும், அவ்வளவே. டொயோட்டா-லெக்ஸஸ் பாணி ‘ஸ்ட்ராங் ஹைபிரிட்’டில் இன்ஜினும் மோட்டாரும் பல்சக்கரத் தொகுதி ஒன்றின் வழியே வேலையைப் பங்குபோட்டுக்கொள்ளும், வெளியே சார்ஜ் போடவேண்டியதில்லை. ‘ப்ளக்-இன் ஹைபிரிட்’டில் பேட்டரி பெரிது, வீட்டில் சார்ஜ் போட்டால் ஐம்பது அறுபது கிலோமீட்டர் பெட்ரோலே இல்லாமல் ஓடும்.

லெக்ஸஸ் இதை 2005இலேயே சொகுசு எஸ்யுவியில் கொண்டுவந்தது; நோக்கம் எரிபொருள் மிச்சம். ஐரோப்பியர்களின் இன்றைய நோக்கம் அதுவல்ல. லம்போர்கினியின் 2023 ‘ரெவுவெல்டோ’வைப் பாருங்கள்: 6.5 லிட்டர் வி12 இன்ஜின், கூடவே மூன்று மோட்டார்கள், பேட்டரியோ 3.8 கிலோவாட் மணி மட்டும். அந்தப் பேட்டரியால் ஊரைச் சுற்றி வரலாம், வெளியூர் போகமுடியாது. புகைக் கணக்கு கடுமையாகிவிட்ட காலத்தில் வி12ஐச் சட்டத்துக்குள் வைத்திருக்க மோட்டார் பெரிதும் கைகொடுக்கிறது. பென்ட்லி தன் பன்னிரண்டு சிலிண்டர் இன்ஜினை 2024இல் நிறுத்திவிட்டு, அதன் இடத்தில் வி8 ப்ளக்-இன் ஹைபிரிட்டை வைத்ததும் இதே கணக்கில்தான்.

காஞ்சிபுரத்துக்காரர்களுக்கு இந்த நிலைமை புதிதல்ல. விசைத்தறிச் சேலை கண்ணுக்குப் பட்டு மாதிரியே இருக்கும், விலையில் பாதிக்கும் கீழே. அப்படியும் கோர்வைச் சேலைக்கு ஆள் வருகிறார்கள். உடலையும் கரையையும் தனித்தனி ஊடையில் நெய்து இணைக்க, தறியில் நெசவாளிக்குப் பக்கத்தில் இன்னொருவர் உட்கார வேண்டியிருக்கிறதே, அந்த உழைப்புக்குத்தான் காசு. இயந்திரம் அதே தோற்றத்தைத் தரும் நாளில், விற்பவர் தோற்றத்தை விட்டுவிட்டு ‘எப்படிச் செய்தது’ என்பதை விற்கத் தொடங்குவார். வி12 ஹைபிரிட் அந்த வரிசையில் சேர்ந்துவிட்டது. ஆனால் கோர்வைக்குள் விசைத்தறித் துண்டு ஒன்றை ஒளித்துவைத்தால் வாங்குபவர் கண்டுபிடித்துவிடுவார் என்பதும் இங்கே பொருந்தும்.

மெர்சிடிஸ்-ஏஎம்ஜி அதை அனுபவித்தது. பரம்பரையாக வி8 இன்ஜின் வைத்திருந்த சி63 காரில் அதைக் கழற்றிவிட்டு, இரண்டு லிட்டர் நான்கு சிலிண்டர் இன்ஜினையும் மோட்டாரையும் சேர்த்து வைத்தார்கள். திறன் 680 குதிரைத்திறன்; எந்தப் பழைய சி63ம் கிட்டே வரமுடியாது. ரசிகர்கள் முகம் சுளித்தார்கள். எண்கள் எல்லாம் ஏறியிருந்தன, வாங்க வந்த பொருள் மட்டும் காணோம். புதிய வி8 ஒன்று உருவாகிறது என்று பிறகு ஏஎம்ஜியே சொல்லவேண்டியதாயிற்று. பிஎம்டபிள்யூ அந்தத் தவறைச் செய்யவில்லை. 2024இன் புதிய எம்5இல் 4.4 லிட்டர் வி8ஐ வைத்துக்கொண்டே மோட்டாரைச் சேர்த்தது. மொத்தம் 727 குதிரைத்திறன். விலை வேறு வகையில் வந்தது: முந்தைய எம்5 இரண்டு டன்னுக்குள் இருந்தது, இது 2.4 டன்னைத் தாண்டுகிறது. ஒரு காருக்குள் இரண்டு இயந்திரசாலை வைத்தால் எடை ஏறாமல் என்ன செய்யும்?

ப்ளக்-இன் ஹைபிரிட்டின் பெரிய பொய் வேறு. ஆய்வகத்தில் அது மிகக் குறைந்த கரியமிலவாயுவைக் காட்டும், பேட்டரி நிறைந்திருக்கும் என்று சோதனைமுறை எடுத்துக்கொள்வதால். ஐரோப்பிய ஆணையம் நிஜ ஓட்டத்தில் கார்களிலிருந்தே எடுத்த தரவுகளை 2024இல் வெளியிட்டபோது, உண்மை உமிழ்வு சான்றிதழில் உள்ளதைவிடச் சராசரியாக மூன்றரை மடங்கு என்று தெரிந்தது. காரணம் எளிது: பலர் சார்ஜே போடுவதில்லை. கம்பெனி கொடுத்த கார், கம்பெனி கொடுக்கும் பெட்ரோல். கேபிளை எடுத்து மாட்ட யாருக்கு அக்கறை?

அப்படியும் பின்வாங்கல் நடந்துகொண்டுதான் இருக்கிறது. 2030க்குள் முழுக்க மின்சாரம் என்று 2020இல் அறிவித்த பென்ட்லி, 2024இல் அதை 2035க்குத் தள்ளியது. மெர்சிடிஸ் இந்தப் பத்தாண்டின் முடிவுக்கு வைத்திருந்த இலக்கை ஹைபிரிட்டும் சேர்த்துப் பாதி என்று 2024 பிப்ரவரியில் குறைத்துக்கொண்டது. அதே ஆண்டு செப்டம்பரில் வால்வோ, 2030க்குள் மின்சார கார் மட்டுமே என்ற வாக்கைக் கைவிட்டது. 2030இல் தன் கார்களில் 40 விழுக்காடு மின்சாரம் என்றிருந்த ஃபெராரி, 2025 அக்டோபரில் அதை 20 ஆக்கியது. போர்ஷே தன் புதிய பெரிய எஸ்யுவியை மின்சாரமாக இல்லாமல் பெட்ரோலிலும் ஹைபிரிட்டிலும் முதலில் கொண்டுவரப்போவதாகச் சொன்னது. அமெரிக்காவில் மின்சார காருக்கு இருந்த 7,500 டாலர் வரிச்சலுகை 2025 செப்டம்பரோடு முடிந்தது. 2035இல் பெட்ரோல் காருக்கு முற்றுப்புள்ளி என்றிருந்த ஐரோப்பிய விதியையே தளர்த்தலாம் என்று ஆணையம் 2025 டிசம்பரில் முன்மொழிந்தது.

இங்கே மட்டும் ஏன் எதிர்த்திசை?

இத்தனையும் படித்த ஒருவர், இந்தியாவிலும் சொகுசு ஹைபிரிட்தான் அடுத்த அலை என்று எண்ணுவார். நடந்தது வேறு. பிஎம்டபிள்யூ இந்தியா 2024இல் விற்ற 15,721 கார்களில் (மினியும் சேர்த்து) மின்சாரம் 1,249. அடுத்த ஆண்டு 18,001 கார்களில் 3,753. ஐந்தில் ஒன்றுக்கு மேல்! சாதாரணக் கார் சந்தையில் மின்சாரத்தின் பங்கு இதற்குப் பல படி கீழே. ஐரோப்பிய முதலாளிகள் தயங்கி நின்ற அதே ஆண்டில் இந்தியப் பணக்காரர்கள் ஓடிப்போய் மின்சார கார் வாங்கினார்கள் என்றால், அவர்களுக்குத் திடீரென்று சுற்றுச்சூழல் ஞானம் வந்துவிட்டது என்று நான் நம்பத் தயாரில்லை.

திருமுக்கூடல் கோயிலின் வீரராஜேந்திர சோழன் கல்வெட்டு, 15 படுக்கை கொண்ட ஆதுலர் சாலைக்கு மருத்துவர், செவிலியர், மருந்து என்று ஒவ்வொன்றுக்கும் எவ்வளவு என்பதை வரிவாரியாகச் சொல்கிறது. அந்த ஊர்க் கணக்குப் பழக்கத்தில் நாமும் ஒரு கணக்கைப் போட்டுப் பார்க்கலாம்.

ஆலையிலிருந்து வரியில்லாமல் 50 லட்ச ரூபாய்க்கு வெளிவரும் ஒரு பெட்ரோல் கார். 2025 செப்டம்பர் 22 முதல் பெரிய காருக்கு ஜிஎஸ்டி 40 விழுக்காடு. கார் 70 லட்சம் ஆகிவிடும். தமிழ்நாட்டில் 20 லட்சத்துக்கு மேற்பட்ட காருக்கு 2023 நவம்பர் முதல் ஆயுள்கால வரி 20 விழுக்காடு. குறைந்தது இன்னும் பத்து லட்சம். ஆக 80க்கு மேல். ஹைபிரிட் என்று பெயர் போட்டிருந்தாலும் பெரிய காராக இருந்தால் அதே 40, அதே 20. இப்போது அதே 50 லட்சத்துக்கு ஒரு மின்சார கார் வெளிவருகிறது என்று வையுங்கள். ஜிஎஸ்டி 5 விழுக்காடு, சாலை வரிக்கு 2019 மின்வாகனக் கொள்கை தொடங்கி நீட்டித்துவரும் விலக்கு. 52.5 லட்சம். வித்தியாசம் 27 லட்சத்துக்குக் குறையாது. பேட்டரிக்கு ஆகும் கூடுதல் செலவை அதில் கழித்தாலும் மிச்சம் இருக்கும்.

2025 ஜனவரியில் செங்கல்பட்டு ஆலையில் பூட்டிய நீளமான ஐஎக்ஸ்1 மின்சார காரை பிஎம்டபிள்யூ ரூ.49 லட்சத்துக்குக் கொண்டுவந்ததன் ரகசியம் இதுதான். அப்போது பெட்ரோல் எக்ஸ்1இன் ஷோரூம் விலையும் ஏறக்குறைய அதேதான். ஆன்ரோடு விலை வந்ததும் மின்சாரம் பல லட்சம் குறைந்துவிடும். மெர்சிடிஸ் 2022லேயே புணே அருகே சாகணில் ஈக்யூஎஸ் மின்சார காரைப் பூட்டி ரூ.1.55 கோடிக்கு விற்றதும் இதே தர்க்கம். வெளிநாட்டிலிருந்து முழுசாக இறக்கினால் சுங்க வரியிலேயே சலுகை கரைந்துவிடும். இங்கே பூட்டினால்தான் அந்த 5 விழுக்காடு இனிக்கும்.

மின்சார ஆட்டோவுக்கும் ஏழரைக் கோடி ஸ்பெக்டருக்கும் ஒரே 5 விழுக்காடு என்பது நியாயமா? எனக்கு இது உறுத்துகிறது. புகையைக் குறைக்கும் எந்த வண்டிக்கும் கைகொடுப்பது சரி. ஆனால் கோடி ரூபாய் காருக்கு அரசு விட்டுக்கொடுக்கும் பணத்தில் எத்தனை மின்சாரப் பேருந்து ஓடும் என்று கேட்காமல் இருக்க முடியவில்லை. கர்நாடகம் 2024இல் 25 லட்சத்துக்கு மேற்பட்ட மின்சார காருக்கு 10 விழுக்காடு ஆயுள்கால வரி போட்டது. மகாராஷ்டிரம் 2025 பட்ஜெட்டில் 30 லட்சத்துக்கு மேல் 6 விழுக்காடு என்று அறிவித்துவிட்டுப் பின்வாங்கியது. கை வைக்கலாமா என்று அரசுகள் தொட்டுப்பார்க்கத் தொடங்கிவிட்டன. ஆகவே இந்தியாவில் சொகுசு மின்சார காரின் வளர்ச்சி கெட்டித் தரையில் நிற்கவில்லை. ஒரு ஜிஎஸ்டி கூட்டம் போதும், அதைப் பாதியாக்க.

புகை, பள்ளம், டிரைவர்

வரியை ஒதுக்கிவிட்டுப் பார்த்தால் மின்சார கார் எவ்வளவு சுத்தம்? இந்தியாவில் ஒரு யூனிட் மின்சாரத்துக்குச் சுமார் 0.7 கிலோ கரியமிலவாயு, பெரும்பகுதி நிலக்கரி. ஐஎக்ஸ்1 போன்ற கார் சார்ஜ் இழப்பையும் சேர்த்துக் கிலோமீட்டருக்கு 0.19 யூனிட் இழுக்கும் என்று வைத்தால் 130 கிராம். லிட்டருக்குப் பத்துப் பதினொன்று கொடுக்கும் பெட்ரோல் சொகுசு கார் 210 கிராமுக்கு மேல். இடைவெளி தெளிவாக இருக்கிறது. ஆனால் பிடதியில் 2020இல் பூட்டத் தொடங்கிய லெக்ஸஸ் இஎஸ்300எச் போன்ற ஸ்ட்ராங் ஹைபிரிட் நிஜத்தில் லிட்டருக்குப் பதினாறு கொடுத்தால் 145 கிராம். இரண்டரை டன் மின்சார காரும் கிட்டத்தட்ட அங்கேதான் நிற்கும். இன்றைய நிலக்கரிக் கம்பியில் பெரிய மின்சார காரும் நல்ல ஹைபிரிட்டும் அண்ணன் தம்பி. காற்றாலையும் சூரிய மின்சாரமும் ஏற ஏற மின்சார கார் தானாகச் சுத்தமாகும், ஹைபிரிட் வாங்கிய நாளில் இருந்த இடத்திலேயே இருக்கும். பத்தாண்டு ஓடும் பொருளுக்கு இந்த வித்தியாசம் பெரியது.

சார்ஜ் போடும் தொல்லை சொகுசு கார்க்காரருக்குக் குறைவு. தனி வீடு, மும்முனை இணைப்பு, இரவில் பதினோரு கிலோவாட் சார்ஜர். முகூர்த்தப் பட்டு எடுக்கச் சென்னையிலிருந்து காஞ்சிபுரம் காந்தி ரோட்டுக்கு வருபவருக்குப் போகவர நூற்றைம்பது கிலோமீட்டர்தான். எந்தச் சொகுசு மின்சார காரும் இதைச் சார்ஜைப் பற்றி யோசிக்காமல் செய்யும். பெங்களூரிலிருந்து வருபவர் கொஞ்சம் திட்டமிட வேண்டும். சித்திரை வெயிலில் ஏசியும் பேட்டரியைக் குளிர்விக்கும் சாதனமும் சேர்ந்து இழுக்கும் என்பதால், சான்றிதழில் 531 கிலோமீட்டர் என்றிருந்தால் 400ஐ நம்பிக் கிளம்புவது புத்திசாலித்தனம்.

நம் ஊருக்கே உரிய சிக்கல்கள் வேறு. இந்தியாவில் பெரிய சொகுசு காரை முதலாளி ஓட்டுவதில்லை. பின் இருக்கைதான் கார். பேட்டரியைத் தரைக்கடியில் பரப்பும்போது தரை உயர்கிறது, தொடை இருக்கையில் படியாமல் முட்டி தூக்கி நிற்கிறது. நீளமான மாடல்களை இங்கே கொண்டுவருவதற்கு இதுவும் காரணம். குவாரி லாரி ஓடி ஓடிப் பள்ளமான சாலையில், அடியில் பேட்டரியோடு தாழ்ந்து போகும் இரண்டரை டன் கார் நடுங்கித்தான் போகவேண்டும். டிரைவர்களுக்கோ ப்ளக்-இன் ஹைபிரிட் பெரிய மர்மம்: முதலாளி கேபிளைப் பற்றிச் சொல்லமாட்டார், டிரைவர் கேட்கமாட்டார், பெட்ரோல் பங்க் மட்டும் பழகிய இடத்தில் இருக்கும். ஐரோப்பாவின் கம்பெனி கார் கதையேதான். பழைய கார் சந்தையும் மின்சாரத்தை இன்னும் நம்பவில்லை. எட்டு ஆண்டு பேட்டரி உத்தரவாதம் என்று எழுதிக்கொடுத்தாலும், ஒன்பதாம் ஆண்டு என்ன என்பதே இரண்டாம் கை வாங்குபவரின் முதல் கேள்வி.

ஆலை வாசலில்

மஹிந்திரா வேர்ல்டு சிட்டியின் பிஎம்டபிள்யூ ஆலைக்கு உள்ளூரிலேயே பாகம் செய்துதரும் வலை ஒன்று உண்டு. இன்ஜினையும் கியர்பாக்ஸையும் ஃபோர்ஸ் மோட்டார்ஸ் தருகிறது. அதற்கென்றே 2015இல் அங்கே தனிப் பட்டறை திறந்தது. ஆக்சில் இசட்எஃப் ஹீரோ, புகைக்குழாய் டென்னிகோ, கதவுப் பலகையும் ஒயர்க்கட்டும் டிராக்ஸ்ல்மையர், ஏசி வாலியோ, இருக்கை லியர். இந்தப் பட்டியலை மின்சார காரின் கண்ணால் வாசித்தால் சில பெயர்கள் கனமாகும், சில மெலியும். இருக்கை, கதவு, ஏசிக்குக் குறைவில்லை. பேட்டரியையும் குளிர்விக்க வேண்டும் என்பதால் ஏசிக்காரருக்கு வேலை கூடும். புகைக்குழாய்க்கு மின்சார காரில் இடமே இல்லை. இன்ஜினுக்கும் அப்படியே. ஐந்தில் ஒரு கார் மின்சாரம் என்றால் ஐந்தில் ஒரு இன்ஜின் பூட்டப்படவில்லை என்று அர்த்தம்.

அந்த இடத்தை நிரப்பும் மோட்டாரும் பேட்டரியும் இங்கே உருவாகின்றனவா என்பதே தமிழ்நாட்டுக்கு உண்மையான கேள்வி. பேட்டரிச் செல்லுக்கு இந்தியா பெரும்பாலும் வெளிநாட்டை நம்பியிருக்கிறது. அரியமண் காந்தங்களுக்குச் சீனா 2025 ஏப்ரலில் போட்ட ஏற்றுமதிக் கட்டுப்பாடு எல்லா மோட்டார் ஆலைகளையும் உலுக்கியது. பிஎம்டபிள்யூவின் இன்றைய மின்சார கார் மோட்டார்களில் அந்தக் காந்தம் இல்லை; சுழலும் பாகத்துக்கு மின்சாரம் பாய்ச்சியே காந்தப்புலம் உண்டாக்குகிறார்கள். பல ஹைபிரிட் மோட்டார்களுக்கு அந்த வசதி கிடையாது. ஹைபிரிட்டுக்குப் போனால் சீனாவின் பிடி தளரும் என்று நினைப்பவர்கள் இதைப் பார்க்கத் தவறுகிறார்கள்.

ஒரே தடத்தில் பெட்ரோல், டீசல், மின்சாரம் மூன்றையும் பூட்டுவது என்ற பிஎம்டபிள்யூவின் கொள்கையைச் சில ஆண்டுகளுக்கு முன் கோழைத்தனம் என்று சொன்னவர்கள் உண்டு. அந்தக் கோழைத்தனம்தான் இப்போது எல்லாருக்கும் வேண்டியிருக்கிறது. பனப்பாக்கத்துக்கும் இதே பாடம்தான்: மின்சாரம் மட்டும் என்று கட்டிய ஆலை வரி மாறும் நாளில் சும்மா நிற்கும், பெட்ரோல் மட்டும் என்று கட்டியது வரி மாறாத ஒவ்வொரு நாளும் சும்மா நிற்கும்.

என் கணிப்பு இப்படி. இந்தியாவில் 50 லட்சம் முதல் ஒரு கோடி வரையான சொகுசு கார்களில் மின்சாரம் முன்னுக்கு வரும், வரி இப்படியே இருக்கும்வரை. ஸ்ட்ராங் ஹைபிரிட் லெக்ஸஸ், டொயோட்டா கையில் சின்னதாக, உறுதியாக இருக்கும். ப்ளக்-இன் ஹைபிரிட் இரண்டு கோடிக்கு மேல் சத்தம் கேட்டு மகிழ்பவர்களின் ஆபரணமாகத் தங்கும். இதைக் குலைக்கக்கூடியவை இரண்டு: ஒன்று ஜிஎஸ்டி, மற்றது 2025 ஜூலை 24இல் கையெழுத்தான பிரிட்டன் ஒப்பந்தம். அதன்படி அங்கிருந்து வரும் பெரிய பெட்ரோல் கார்களுக்கு, குறிப்பிட்ட எண்ணிக்கைவரை, சுங்க வரி படிப்படியாகப் பத்து விழுக்காடு அளவுக்கு இறங்கும். மின்சாரத்துக்கும் ஹைபிரிட்டுக்கும் முதல் ஐந்து ஆண்டுகள் அந்தச் சலுகை கிடையாது. ஆறாம் ஆண்டு அந்தக் கதவு திறக்கும்போது பனப்பாக்கத்தில் பூட்டும் கார், கப்பலில் வந்து இறங்கும் தன் அண்ணனோடு விலையில் மோத வேண்டியிருக்கும். மோட்டாரும் பேட்டரியும் அதற்குள் இந்தப் பக்கத்துப் பட்டறைகளுக்கு வந்துசேர்ந்திருந்தால் மோதலாம். அதுவரை அவகாசம் ஐந்து ஆண்டுகள்தான்.